வாசகர் கேள்வி பதில்

கேள்வி: உயர்தரத்தில் அரசறிவியல் படிக்கிறேன். நூலாசிரியர்கள் அமெரிக்க அரசியல், வரலாறு பற்றிப் பேசும் தொலைக்காட்சி நிகழ்ச்சிகளை இங்கிருந்து பார்க்கலாமா? சிக்னலும் டேட்டாவும் குறைவு.
— வாசகி, ஒட்டுசுட்டான்

பதில்: பார்க்கலாம். சீ-ஸ்பான் 2 என்ற அமெரிக்க அலைவரிசையில் வார இறுதியில் வரும் 'புக் டிவி' 1998 முதல் இதற்கென்றே நடக்கிறது. அரச தொலைக்காட்சி என்று எண்ண வேண்டாம். கேபிள் நிறுவனங்கள் கட்டும் கட்டணத்தில் ஓடுவது.

நேரலைக்காக முழித்திருக்காதீர்கள். நியூயோர்க்கில் பிற்பகல் 2 மணி என்றால் நமக்கு இரவு 11.30, அவர்கள் குளிர்காலத்தில் மணிக்கூட்டை மாற்றியதும் 12.30 ஆகிவிடும்.

சீ-ஸ்பானின் இணையக் காணொளி நூலகத்தில் பழையவை இருக்கின்றன. 1989 முதல் 2004 வரை வந்த 'புக்நோட்ஸ்' இலிருந்து தொடங்குங்கள்: ஒரு நூல், ஒரு ஆசிரியர், ஒரு மணித்தியாலம். அதை நடத்திய பிரையன் லாம்ப் சுருக்கமாகக் கேட்டுவிட்டு ஒதுங்கிவிடுவார். ஆங்கிலம் பழகுபவருக்கு அது பெரிய உதவி.

டேட்டா மிச்சம் பிடிக்க, காணொளியை ஓடவிடாமல் எழுத்துவடிவத்தை வாசியுங்கள். அது பெரும்பாலும் திரையில் ஓடும் வசனத்திலிருந்து எடுத்தது, ஆட்பெயரும் ஆண்டும் பிழைக்கும். குறிப்பெடுக்க முன் அந்த இடத்தை மட்டும் ஓடவிட்டுக் கேளுங்கள். புத்தகக்கடைக் கூட்டமென்றால் கடைசியில் வரும் சபையோர் கேள்விகளையும் விடாதீர்கள். ஆசிரியர் தடுமாறுவது பெரும்பாலும் அங்கேதான்.