மருத்துவப் பதிவேட்டின் அந்தரங்கம்: காக்கும் சட்டத்துக்கு யார் செலவு செய்கிறார்கள்?

அமெரிக்க மருத்துவமனைகளுக்காகச் சென்னையில் நடக்கும் மெடிக்கல் பில்லிங் (காப்பீட்டுக் கோரிக்கைகளைத் தயாரிக்கும்) பணியில், விதிகள் பின்பற்றப்படுகின்றனவா என்று பார்க்கும் கம்ப்ளையன்ஸ் பிரிவில் பல ஆண்டுகள் இருந்தவன் என்ற முறையில், நோயாளிகளின் மருத்துவ விவரங்களைக் காக்கும் ஹிப்பா எனப்படும் அமெரிக்கச் சட்டத்தின் செலவு குறித்து வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதுகிறேன்.

கேள்வி (பொருளியல் மாணவி, சேலம்): ஐயா, நோயாளியின் அந்தரங்கத்தைக் காக்க எவ்வளவு செலவாகும் என்று அமெரிக்க அரசே கணக்குப் போட்டதா?

பதில்: போட்டது. 1996-இல் ஹிப்பா நிறைவேறியபோது அதன் முதன்மை நோக்கம் அந்தரங்கம் அன்று. வேலை மாறுகிறவர்களின் மருத்துவக் காப்பீடு அறுந்துபோகாமல் இருப்பதும், காப்பீட்டுக் கோரிக்கைகள் ஒரே மின்னணு வடிவில் அனுப்பப்படுவதும்தான். அந்தரங்கத்துக்கான சட்டத்தை மூன்றாண்டுகளுக்குள் தானே இயற்றுவதாகச் சொன்ன காங்கிரஸ் (அமெரிக்க நாடாளுமன்றம்) அதைச் செய்யத் தவறியதால், சுகாதாரத் துறையே விதிகளை எழுதி 2000 டிசம்பரில் வெளியிட்டது. அந்த விதிகளுக்குப் பத்தாண்டுகளில் சுமார் 1,760 கோடி டாலர் செலவாகும் என்றும், மின்னணு முறையால் அதே காலத்தில் 2,990 கோடி டாலர் மிச்சமாகும் என்றும், ஆகவே நாட்டுக்கு இலாபமே என்றும் துறை வாதிட்டது. அந்தரங்கத்துக்கு உறுதி இல்லாவிட்டால் மக்கள் மின்னணுப் பதிவை ஏற்க மாட்டார்கள் என்பது அதற்கான நியாயம். அது பாதி உண்மை என்பது என் கருத்து. சேமிப்பைத் தந்தது ஒரே வடிவப் படிவம். செலவை வைத்தது அந்தரங்க விதி. இரண்டையும் ஒரே தராசில் வைத்ததால், அந்தரங்கத்துக்கென்று மக்கள் தனியே எவ்வளவு கொடுக்க அணியமாக இருக்கிறார்கள் என்ற கேள்வி கேட்கப்படாமலே போய்விட்டது.

கேள்வி (வங்கி ஊழியர், திருச்சி): அந்தப் பணத்தை அரசு கொடுத்ததா, மருத்துவமனைகள் கொடுத்தனவா?

பதில்: மருத்துவமனைகளும் காப்பீட்டு நிறுவனங்களும் தம் கையிலிருந்து செலவிட்டன. ஆனால் அது அங்கேயே தங்குவதில்லை. காப்பீட்டுப் பிரீமியத்திலும், முதியோருக்கான மெடிகேர் திட்டத்தின் வழியே வரியிலும் கரைந்து, எந்த ரசீதிலும் தனி வரியாகத் தெரியாமல் பொதுமக்களிடம் வந்து சேர்கிறது. இரண்டு மருத்துவர்கள் மட்டுமே இருக்கும் சிறு கிளினிக்கும் ஒரு பொறுப்பாளரை நியமித்து, பயிற்சி நடத்தி, அறிவிப்பு அச்சிட வேண்டும் என்பதால், சுமை சிறியவர்கள் மீதே அதிகமாக விழுந்தது.

கேள்வி (நோய்களையும் சிகிச்சைகளையும் குறியீட்டு எண்களாக மாற்றும் மெடிக்கல் கோடர், சென்னை): எங்கள் பணித்தளத்தில் பேனாவும் தாளும்கூட அனுமதி இல்லை. இதையும் அந்தச் சட்டம்தான் சொல்கிறதா?

பதில்: சட்டத்தில் பேனா என்ற சொல்லே கிடையாது, நியாயமான பாதுகாப்பு என்றுதான் இருக்கிறது. 2009-இல் வந்த திருத்தமும், அதையொட்டிய 2013 விதிகளும், மருத்துவமனைக்காக வேலை செய்யும் வெளி நிறுவனங்களையும் நேரடிப் பொறுப்புக்கு உட்படுத்தின. கடல் கடந்து இருக்கும் நம்மை அமெரிக்கச் சட்டத்தைவிட ஒப்பந்தமே இறுக்கமாகக் கட்டுகிறது. கைப்பேசியை லாக்கரில் வைத்துவிட்டு உள்ளே போய், ஒரு குறியீட்டு எண்ணை நினைவில் வைக்கச் சிறிய வெள்ளைப் பலகையில் மார்க்கரால் எழுதி, ஷிப்ட் முடிந்ததும் அதைத் துடைத்துக் காட்டிவிட்டு வெளியே வரும் அந்த வழக்கம், ஒப்பந்தத்தில் யாரோ எழுதிய ஒரு வரியின் விளைவு. 2013 விதிகளால் முதலாண்டில் 11.4 கோடி முதல் 22.5 கோடி டாலர் வரை செலவாகும் என்று அமெரிக்க அரசு மதிப்பிட்டது. உங்கள் தளத்து லாக்கரும் காவலரும் அந்தக் கணக்கில் இருந்திருப்பார்கள் என்று நான் நம்பவில்லை.

கேள்வி (முதுநிலை மருத்துவ மாணவர், வேலூர்): ஆராய்ச்சிக்கு இதனால் இழப்பு உண்டா, சார்?

பதில்: உண்டு. மற்ற எல்லாச் செலவையும்விட என்னை வருத்துவது இதுதான். மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் மாரடைப்பு நோயாளிகளை ஆறு மாதம் கழித்துத் தொடர்புகொண்டு நிலைமை விசாரிக்கும் பதிவேடு ஒன்று இருந்தது. 2003 ஏப்ரலில் விதிகள் நடைமுறைக்கு வருவதற்கு முன்பு தொலைபேசியிலேயே சம்மதம் கேட்டார்கள், 96.4 விழுக்காட்டினர் ஒப்புக்கொண்டனர். பிறகு தபாலில் படிவம் அனுப்பி, கையொப்பமிட்டுத் திரும்ப வரும்வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. சம்மதம் 34 விழுக்காட்டுக்குச் சரிந்தது. எண்ணிக்கை குறைந்ததோடு போயிருந்தால் கூடுதல் நோயாளிகளைச் சேர்த்து ஈடுகட்டியிருக்கலாம். படிவத்தைத் திருப்பி அனுப்பியவர்கள் வயதில் மூத்தவர்களாகவும், மணமானவர்கள் மிகுதியாகவும், ஆறு மாதத்துக்குள் இறந்தவர்கள் குறைவாகவும் இருந்தார்கள். அதாவது, நாம் யாரைப் பற்றி அறிய வேண்டுமோ, அவர்களே பதிவேட்டிலிருந்து நழுவினார்கள். 2005-இல் வெளியான இந்த ஆய்வைப் படித்த பிறகு, படிவம் என்ற சொல்லை அலட்சியமாகப் பார்க்க என்னால் முடியவில்லை. அந்த நோயாளிகள் மறுத்ததாக நான் நினைக்கவில்லை; உறை மேசை மீது கிடந்திருக்கும், அவ்வளவுதான்.

கேள்வி (ஆசிரியர், ஈரோடு): பெயரை நீக்கிவிட்டுத் தரவைக் கொடுத்தால் போதாதா?

பதில்: போதாது. 1990-களில் மாசசூசெட்ஸ் மாநிலம் பெயர் நீக்கி வெளியிட்ட மருத்துவத் தரவை, 20 டாலருக்கு வாங்கிய வாக்காளர் பட்டியலோடு ஒப்பிட்டு, அன்றைய ஆளுநர் வில்லியம் வெல்டின் பதிவை லட்டான்யா ஸ்வீனி என்ற ஆய்வு மாணவி அடையாளம் கண்டார். பிறந்த தேதி, பாலினம், அஞ்சல் குறியீடு ஆகிய மூன்றே தகவல்கள் போதுமானவையாக இருந்தன.

கேள்வி (மென்பொருள் பொறியாளர், கோவை): இவ்வளவு செலவிட்டும் பதிவுகள் திருடு போகின்றனவே, அண்ணா. பணம் வீண்தானே?

பதில்: வீண் என்று சொல்ல மாட்டேன், இடம் மாறிப் போயிருக்கிறது என்பேன். 2024 பிப்ரவரியில் காப்பீட்டுக் கோரிக்கைகளைக் கையாளும் சேஞ்ச் ஹெல்த்கேர் என்ற அமெரிக்க நிறுவனம் இணையவழியில் தாக்கப்பட்டு, சுமார் 19 கோடிப் பேரின் விவரங்கள் பறிபோயின. தொலைவிலிருந்து உள்நுழையும் ஒரு வாயிலில், ஓடிபி போன்ற இரண்டாம் சரிபார்ப்பு இல்லாததுதான் வழிவிட்டது என்று தாய் நிறுவனத்தின் தலைவரே காங்கிரஸில் சொன்னார்; தாக்கியவர்களுக்கு 2.2 கோடி டாலர் பணயத்தொகையும் கொடுக்கப்பட்டது. இதே நாட்டில், அந்தரங்க அறிவிப்பைப் பெற்றுக்கொண்டேன் என்று கிளினிக்குக்குக் கிளினிக் நோயாளிகளிடம் கையொப்பம் வாங்கிக் கோப்பில் சேர்த்துக்கொண்டிருந்தார்கள். அந்தக் கையொப்பத்தை நீக்குவது உள்ளிட்ட மாற்றங்களால் ஐந்தாண்டுகளில் 320 கோடி டாலர் மிச்சமாகும் என்று அரசே 2020 டிசம்பரில் கணித்தது. மறுபுறம், இரண்டாம் சரிபார்ப்பையும் மறையாக்கத்தையும் (என்க்ரிப்ஷன்) கட்டாயமாக்க 2024 டிசம்பரில் முன்மொழியப்பட்ட விதிகளுக்கு முதலாண்டில் சுமார் 900 கோடி டாலரும், அடுத்த நான்காண்டுகளில் ஆண்டுக்குச் சுமார் 600 கோடி டாலரும் ஆகும் என்பது அரசின் மதிப்பீடு. தொகை பெரியதுதான், ஆனால் அது பூட்டுக்கான செலவு. கையொப்பத்துக்கான செலவை நிறுத்தி, பூட்டுக்குச் செலவிடுங்கள் என்பதே என் நிலைப்பாடு.

கேள்வி (இல்லத்தரசி, தஞ்சாவூர்): எனக்கு வந்திருக்கும் சர்க்கரை நோய் ஊருக்கே தெரியும். ஒளிக்க என்ன இருக்கிறது, இதற்கு ஏன் சட்டம்?

பதில்: சர்க்கரை நோய்க்கு நீங்கள் சொல்வது சரி, அம்மா. என் பெரியப்பாவுக்குக் காசநோய் வந்தபோது, உள்ளூர் மருத்துவமனையில் காட்டினால் மகளின் சம்பந்தம் தடைப்படும் என்று அஞ்சி, இரண்டு பேருந்து மாறி வேறு ஊருக்குப் போய், வேறு பெயர் சொல்லி மாத்திரை வாங்கினார். மழைக்காலத்தில் போக முடியாமல் நடுவில் நிறுத்தினார். நோய் முற்றியது, வீட்டில் இன்னொருவருக்கும் தொற்றியது. அந்தரங்கம் இல்லாததன் செலவு இப்படித்தான் இருக்கும். எந்தத் துறையின் கணக்கிலும் ஏறாது. எச்ஐவி, மனநோய், புற்றுநோய் ஆகியவற்றுக்கு மக்கள் அஞ்சித் தாமதிப்பதை அமெரிக்க அரசின் 2000-ஆம் ஆண்டு ஆவணமும் எடுத்துச் சொன்னது. அந்தச் சட்டத்தின் பல பகுதிகளைக் குறை சொல்லும் நான், சட்டமே வேண்டாம் என்று ஒருநாளும் சொன்னதில்லை.

கேள்வி (கிளினிக் நடத்தும் மருத்துவர், மதுரை): நம் நாட்டிலும் 2023-இல் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்து, 250 கோடி ரூபாய் வரை அபராதம் என்கிறார்கள். நான் முதலில் எதற்குச் செலவிடுவது?

பதில்: முதலில் செலவில்லாதவற்றைச் செய்யுங்கள், டாக்டர். வரவேற்பு மேசைக் கணினியில் எல்லோரும் ஒரே பாஸ்வேர்டைப் பயன்படுத்துவதையும், அதைத் தாளில் எழுதித் திரையில் ஒட்டியிருப்பதையும் இன்றே நிறுத்தி, ஆளுக்கொன்று கொடுங்கள். லேப் ரிப்போர்ட்டுகளை ஊழியர்களின் சொந்த வாட்ஸ்அப்பில் அனுப்ப விடாதீர்கள். காத்திருக்கும் கூட்டத்தின் நடுவே நோயாளியின் பெயரோடு நோயையும் சேர்த்துக் கூப்பிட வேண்டாம் என்று உங்கள் பணியாளரிடம் சொல்லுங்கள்.