கடல் காற்றை மட்டும் குறை சொல்லாதீர்கள், பைக்கைக் கழுவும் தண்ணீரைப் பாருங்கள்

கேள்வி: மண்டபத்தில் வீடு, ராமநாதபுரத்தில் வேலை. 400 சிசி டூரிங் பைக்கில் தினமும் போய்வருகிறேன். ஞாயிறு என்றால் தனுஷ்கோடி, சேர்ந்தாற்போல் லீவு கிடைத்தால் மூணாறு, வால்பாறை. வண்டி வாங்கி 14 மாதம்தான் ஆகிறது. அதற்குள் செயின் செம்மண் நிறத்துக்கு வந்துவிட்டது. முன் பிரேக்கைப் பிடித்தால் விடாமல் இறுக்குகிறது. சில நாள் கியர் போட்டவுடன் எஞ்சின் நின்றுவிடுகிறது. இத்தனைக்கும் வாரம் தவறாமல் வாட்டர் சர்வீஸ் விடுகிறேன். 4,500 ரூபாய்க்குத் துருத் தடுப்பு கோட்டிங் அடித்துத் தருவதாக ஒருவர் சொல்கிறார். இன்சூரன்ஸில் கொஞ்சம் கூடுதலாகக் கட்டினால் துருவுக்கும் கிளைம் வரும் என்கிறார் ஏஜென்ட். இரண்டையும் செய்யலாமா?

பதில்: கோட்டிங் வேண்டாம். இன்சூரன்ஸ் சங்கதிக்குக் கடைசியில் வருகிறேன். அதற்கெல்லாம் முன்பாக, முன் பிரேக்கை இந்த வாரமே பிரித்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

லீவரை விட்ட பிறகும் பேட் டிஸ்க்கை உரசிக்கொண்டே இருந்தால் சூடு ஏறும். அந்தச் சூடு பிரேக் ஆயிலுக்கும் போகும். டாட் 4 ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும் குணமுள்ளது. ஈரம் சேர்ந்த ஆயில் சீக்கிரம் கொதித்து ஆவியாகும். ஆயில் அமுங்காது, ஆவி அமுங்கும். லீவர் கைப்பிடிவரை சும்மா வரும், வண்டி நிற்காது. ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி வளைவுகள். ஏறும்போது ஒன்றும் தெரியாது. இறங்கும்போது பாதியில் தெரியவரும். எனவே இந்த வேலை முடியும்வரை மலைப்பக்கம் போகாதீர்கள்.

நீங்களே சோதிக்கலாம். முன் சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கி நிறுத்தி, பிரேக்கை ஒருமுறை பிடித்து விட்டுவிட்டுக் கையால் சுழற்றுங்கள். லேசாக உரசும் சத்தம் வருவது இயல்பு. சக்கரம் அரைச் சுற்றுகூட ஓடாமல் நின்றால் காலிப்பர் (பேட்களை டிஸ்க்கின் மேல் அழுத்தும் பாகம்) இறுகியிருக்கிறது. "பேட் போய்விட்டது, மாற்றிவிட்டேன்" என்று மெக்கானிக் கணக்கை முடிக்கப் பார்ப்பார். பேட் மாற்றினால் இந்தக் கோளாறு தீராது. காலிப்பர் நகர்வதற்கான இரண்டு ஸ்லைடு பின்களையும் உருவி, பழைய கிரீஸைத் துடைத்து, சிலிக்கான் கிரீஸ் போட வேண்டும். சக்கர பேரிங்குக்குப் போடும் சாதாரண கிரீஸைப் போட்டால் அங்குள்ள ரப்பர் உப்பிக்கொண்டு மறுபடியும் இறுகும். காலிப்பருக்குள் பேடைத் தள்ளும் பிஸ்டனின் வெளியே தெரியும் பகுதியை பிரேக் கிளீனரும் பழைய டூத் பிரஷ்ஷும் கொண்டு சுத்தம் செய்த பிறகுதான் உள்ளே தள்ள வேண்டும். உப்பும் மணலும் ஒட்டியபடி தள்ளினால் சீல் கிழியும். பிஸ்டனில் பள்ளம் பள்ளமாக அரிப்பு இருந்தால் பிஸ்டனும் சீல் கிட்டும் மாற்ற வேண்டியதுதான். ஆயிலைப் புதிதாக மாற்றுங்கள், உங்கள் கண் முன்னால் சீல் உடைத்த பாட்டிலிலிருந்து. அலமாரியில் பாதி மீதமிருக்கும் பாட்டிலில் ஏற்கெனவே ஈரம் ஏறியிருக்கும்.

இப்போது கோட்டிங். உப்பு ஏறாத சுத்தமான இரும்பின் மேல் பூசினால்தான் எந்தப் பூச்சும் வேலை செய்யும். புதிய பாம்பன் ரயில் பாலத்துக்குத் துருப்பிடிக்காத எஃகுக் கம்பிகளும் பாலிசிலாக்சேன் பூச்சும் போட்டார்கள். அது கட்டும்போதே செய்த வேலை. உங்கள் வண்டியில் 14 மாத உப்பு உட்கார்ந்திருக்கிறது. அதன் மேல் கறுப்பு ரப்பர் பூச்சை அடித்தால் துரு உள்ளே நிம்மதியாக வளரும். வெளியே பளபளப்பாக இருப்பதால் உங்களுக்கும் தெரியாது. தண்ணீர் வடியும் துளைகளை அடைத்துவிடுவார்கள். சேசிஸ் எண் மேலேயே அடித்துவிட்டு, நாளை வண்டியை விற்கப் போகும்போது ஆர்.டி.ஓ. ஆபீஸில் உங்களைச் சுரண்ட வைப்பார்கள். டெஃப்லான், செராமிக் என்று பெயர் மாற்றிச் சொன்னாலும் ஏமாறாதீர்கள். அவை பெயின்ட்டின் பளபளப்புக்கானவை. துரு தொடங்குவதோ பெயின்ட் இல்லாத போல்ட் தலையிலும், செயினிலும், ஸ்போக் நிப்பிளிலும், சைலன்சரின் அடிப்பக்க வெல்டிலும்.

உங்கள் கேள்வியில் நீங்கள் பெருமையாகச் சொன்ன ஒரு விஷயம்தான் எனக்கு உறுத்துகிறது: வாரம் தவறாத வாட்டர் சர்வீஸ். அந்தக் கடையில் எந்தத் தண்ணீர் அடிக்கிறார்கள் என்று கேட்டீர்களா? நம் கடலோரத்தில் பெரும்பாலும் போர் தண்ணீர்தான். வாயில் வைத்தால் கரிக்கும். வீட்டுக்குக் காவிரித் தண்ணீர் எப்போது வரும் என்று குடத்தை வரிசையில் வைத்துக் காத்திருக்கிற ஊரில், வண்டி கழுவ யார் நல்ல தண்ணீர் கொடுப்பார்? ஆக, காற்று மெல்லிய படலமாகப் படிய வைக்கும் உப்பை, நீங்கள் காசு கொடுத்துப் பம்பு வைத்து உள்ளே ஏற்றுகிறீர்கள். அந்த அழுத்தத்தில் தண்ணீர் சக்கர பேரிங் சீலையும் ஹேண்டில் பேரிங்கையும் தாண்டிப் போய்விடும். வெளியே வெயிலில் காய்ந்தாலும் உள்ளே காயாது.

உப்பு காய்ந்துவிட்டால் தொந்தரவு இல்லை என்று நினைக்க வேண்டாம். சோற்று உப்பே காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் தண்ணீர் விட்டுக் கசியும். கடல் உப்பில் கலந்திருக்கும் மெக்னீசியம் குளோரைடு அதற்கும் எவ்வளவோ குறைந்த ஈரத்திலேயே கசியத் தொடங்கும். மண்டபத்தில் வடக்கிலும் கடல், தெற்கிலும் கடல். வாடைக் காலத்தில் பாக் விரிகுடாப் பக்கமிருந்தும், கச்சான் வீசும்போது மன்னார் வளைகுடாப் பக்கமிருந்தும் உப்பு வரும். பிளாஸ்டிக் கவர் போட்டு மூடினால் அந்த ஈரத்தைப் பூட்டி வைத்ததாகிவிடும். காற்றுப் போகும் துணிக் கவர் போதும். கவரே இல்லாமல் சுவர் மறைவில் நிறுத்தினாலும் சரி.

அப்படியென்றால் கழுவவே கூடாதா? கழுவ வேண்டும், நல்ல தண்ணீரில். 5 லிட்டர் போதும். பூச்சிமருந்து கடையில் கிடைக்கும் கை ஸ்பிரேயர் புதிதாக ஒன்று வாங்குங்கள் (மருந்தடித்த பழையது வேண்டாம்). வண்டி ஆறிய பிறகு, மேலே பளபளக்கும் டேங்க்கை விட்டுவிட்டு, முன் காலிப்பர், ஃபோர்க்கின் கீழ்ப்பகுதி, ரேடியேட்டர், ஸ்போக் நிப்பிள்கள், சைடு ஸ்டாண்டு மூட்டு, பின் சக்கரத்தைத் தாங்கும் ஸ்விங் ஆர்மின் உட்பக்கம், சைலன்சரின் அடிப்பக்கம் என்று கண்ணுக்குப் படாத இடங்களில் அடியுங்கள். அடித்ததும் 2, 3 கிலோமீட்டர் மெதுவாக ஓட்டி, இடையிடையே பிரேக் பிடித்துக் காய வையுங்கள். வாரம் ஒருமுறை இது. தனுஷ்கோடி போய்வந்தால் அன்றைக்கே, மறுநாள் அல்ல.

ஏ.சி. இருந்தால் அதன் குழாயில் சொட்டும் தண்ணீரைப் பக்கெட்டில் பிடியுங்கள். அதில் உப்பே இருக்காது. மழைநீரும் நல்லது. ஆனால் ஆர்.ஓ. இயந்திரம் வெளியேற்றும் தண்ணீரை மட்டும் தொடாதீர்கள். "வீணாகப் போகிறதே" என்று பலர் அதைத்தான் வண்டிக்குப் பிடித்து வைக்கிறார்கள். குடிநீரிலிருந்து பிரித்தெடுத்த உப்பெல்லாம் அதில்தான் வந்து சேர்கிறது.

எல்லா நிலத்தடி நீரும் கெட்டது என்று இதற்கு அர்த்தமில்லை. இதை விளக்கிச் சொல்லாவிட்டால் தங்கச்சிமடத்துக்காரர்கள் சண்டைக்கு வருவார்கள். ராமேசுவரம் தீவில் மணல்மேட்டுக்கு அடியில் மழைநீர் தங்கி, கனமான உப்பு நீருக்கு மேல் மிதந்து நிற்கும். தனுஷ்கோடியில் கடலுக்குப் பக்கத்திலேயே கையால் ஊற்றுத் தோண்டிக் குடிக்கிறார்களே, அது இந்தத் தண்ணீர்தான். உங்கள் வீட்டில் அப்படி ஆழமில்லாத கிணறு இருந்தால் அதில் தாராளமாகக் கழுவலாம். ஆனால் மூன்றை கவனியுங்கள். ஒன்று, அதே வளவில் ஆழமாகப் போர் போட்டிருந்தால் அந்தத் தண்ணீர் வேறு, கிணற்றுத் தண்ணீர் வேறு. இரண்டு, மோட்டார் போட்டு வேகமாக இறைத்தால் அடியிலுள்ள உப்பு மேலே ஏறிவிடும். காலையில் முதல் வாளி நன்றாக இருக்கும், பத்தாவது வாளி கரிக்கும். மூன்று, தை மாதம் நல்ல தண்ணீர் தந்த கிணறு ஆனி மாதம் தராது. எனவே ஒருமுறை பார்த்துவிட்டு வருடம் முழுக்க நம்பக் கூடாது. நாக்கு நல்ல கருவி, ஆனால் சின்ன வயதிலிருந்தே உப்புத் தண்ணீர் குடித்துப் பழகிய நாக்கு பொய் சொல்லும். சோப்பு நுரைக்கிறதா என்று பார்ப்பதும் போதாது, அது கடினத்தன்மையைத்தான் காட்டும். சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் டி.டி.எஸ். மீட்டரை (தண்ணீரில் கரைந்திருக்கும் உப்புகளின் அளவைக் காட்டும் கருவி) விட்டுப் பாருங்கள். குடிநீருக்கு விரும்பத்தக்க வரம்பு லிட்டருக்கு 500 மில்லிகிராம். அதை ஒட்டி இருந்தால் கவலையில்லை. 1,000-ஐத் தாண்டினால் வண்டிக்கு வேண்டாம். மீட்டர் இல்லையென்றால் கண்ணாடித் துண்டில் நாலு சொட்டு விட்டு வெயிலில் வையுங்கள். காய்ந்த பின் கண்ணாடி வெளுத்துத் தடித்திருந்தால் அந்தத் தண்ணீரை ஒதுக்குங்கள்.

"துரு வராமல் இருக்க டீசல் வாஷ் அடிக்கிறேன், பழைய எஞ்சின் ஆயிலைக் கலந்து அடிக்கிறேன்" என்பார்கள். டிஸ்க்கிலும் பேடிலும் ஒரு துளி பட்டால் பிரேக் போச்சு. மீதி இடங்களில் மணலைப் பிடித்து வைத்துக்கொள்ளும்.

செயினைப் பொறுத்தவரை பக்கத் தகட்டின் மேல் சிவப்பு என்றால் பயம் இல்லை. கணுக்கள் மடங்காமல் விறைத்து நின்றாலோ, பின்களின் ஓரத்தில் சிவப்புப் பொடி கொட்டினாலோ, உள்ளே கிரீஸை அடைத்து வைக்கும் ரப்பர் வளையமான ஓ-ரிங் போய்விட்டது. செயினையும் இரண்டு ஸ்பிராக்கெட்டையும் சேர்த்தே மாற்ற வேண்டும். நல்ல நிலையில் இருந்தால் மண்ணெண்ணெய் நனைத்த மென்மையான பிரஷ்ஷால் தேய்த்துத் துடையுங்கள். ரேஷனில் மண்ணெண்ணெய் கிடைப்பது குதிரைக் கொம்பு என்பதால் செயின் கிளீனர் ஸ்பிரே வாங்கிக்கொள்ளலாம். பெட்ரோலும் கம்பி பிரஷ்ஷும் ஓ-ரிங்கைத் தின்றுவிடும். பிறகு 90 நம்பர் கியர் ஆயிலைச் செயினின் உட்பக்கமாகச் சொட்டுச் சொட்டாக விட்டு, இரவு முழுவதும் ஊற விட்டு, காலையில் மிஞ்சியதைத் துடைத்துவிடுங்கள். 500 கிலோமீட்டருக்கு ஒருமுறை என்பது பொதுக் கணக்கு. உங்களுக்கு ஒரு வாரத்திலேயே அந்தத் தூரம் நெருங்கிவிடும். சக்கரத்தைக் கையால்தான் சுற்ற வேண்டும். எஞ்சினை ஓடவிட்டு கியரில் போட்டுத் துணியால் துடைப்பவர்கள் விரலை இழக்கிறார்கள். செயின் தொய்வு எத்தனை மி.மீ. என்பது ஸ்விங் ஆர்ம் ஸ்டிக்கரில் இருக்கும். அதை வைத்துச் சரி செய்யுங்கள், பக்கத்து வண்டிக்காரர் சொல்வதை வைத்து அல்ல.

சர்வீஸ் சென்டரில் செய்வார்களே என்றால், ஜாப் கார்டில் டிக் போடுவார்கள். ஓசூரிலும் ஒரகடத்திலும் வண்டி தயாராகிறது, ஆனால் கையேட்டில் இருக்கும் அட்டவணை கோயம்புத்தூருக்கும் பாம்பனுக்கும் ஒன்றுதான். கடலோரத்துக்கென்று தனியாக ஒரு பக்கம் அச்சடிக்க என்ன செலவாகும்? அவர்கள் அச்சடிக்கும்வரை நீங்களே எழுதிக் கொடுங்கள்: 6 மாதத்துக்கு ஒருமுறை காலிப்பர் பின், வருடத்துக்கு ஒருமுறை பிரேக் ஆயில், ஹேண்டில் பேரிங், ஸ்விங் ஆர்ம் கிரீஸ். பழைய பாகங்களையும் பழைய ஆயிலையும் காட்டச் சொல்லுங்கள்.

கியர் போட்டதும் எஞ்சின் நிற்பது பெரும்பாலும் சைடு ஸ்டாண்டு சுவிட்ச். உப்பும் மணலும் இறுகி, ஸ்டாண்டு கீழே இருப்பதாகவே வண்டி நினைத்துக்கொள்கிறது. வயரிங், இ.சி.யூ. (எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டர்) என்று யாராவது பெரிய பில்லுக்கு அடி போட்டால், முதலில் கான்டாக்ட் கிளீனர் அடித்து ஸ்டாண்டை இருபது தடவை மேலும் கீழும் ஆட்டுங்கள். சுவிட்சை நீக்கி வயரை நேராக இணைத்துவிடுவதும் உண்டு. அதற்குச் சம்மதிக்காதீர்கள். ஸ்டாண்டை மடக்க மறந்து இடது வளைவில் சாய்த்தால் வண்டி உங்களைத் தூக்கி எறிந்துவிடும்.

வழியில் இன்னொரு உப்பு இருக்கிறது. மீன் வண்டிகள் ஐஸ் கரைந்த உப்புத் தண்ணீரை நெடுஞ்சாலை முழுக்க ஒழுகவிட்டுப் போகின்றன. வழுக்கும், நாறும், முன் காலிப்பரிலும் ரேடியேட்டரிலும் தெளிக்கும். ஹெல்மெட்டுக்கு நிறுத்துபவர்கள் அந்த வண்டிகளையும் நிறுத்தலாம். நீங்கள் அவற்றின் பின்னால் ஒட்டிப் போகாமல் தள்ளியே போங்கள்.

இன்சூரன்ஸுக்கு வருவோம். வழக்கமான பாலிசியில் தேய்மானம், நாள்பட்ட சேதம், இயந்திர, மின் கோளாறு எல்லாம் விலக்கில் இருக்கின்றன. துரு அதில்தான் அடங்கும். ஜீரோ டெப் என்பது விபத்துக்கு மாற்றும் பாகங்களில் தேய்மானக் கழிவு இல்லாமல் செய்வது, அவ்வளவுதான். துருவுக்குப் பணம் தருவதாகப் பாலிசியின் எந்த வரியில் இருக்கிறது என்று ஏஜென்ட்டிடம் காட்டச் சொல்லுங்கள். காட்ட மாட்டார். நீங்கள் அடிக்கடி கடற்கரை போகிறவர் என்பதால் எஞ்சினுக்குள் தண்ணீர் புகுவதற்கான கூடுதல் காப்பை வேண்டுமானால் யோசிக்கலாம். அதிலும் ஒரு கண்ணி உண்டு. போட்டோவுக்காக அலையோரம் இறக்கி, ஏர் ஃபில்டர்வரை தண்ணீர் ஏறிவிட்டால் ஸ்டார்ட்டரைத் தொடாதீர்கள். தண்ணீர் அமுங்காது, கனெக்டிங் ராடு வளைந்துவிடும், "மூழ்கிய பிறகு ஸ்டார்ட் செய்தீர்கள்" என்றே கிளைமை மறுப்பார்கள். சாவியை எடுத்துவிட்டு, போட்டோ எடுத்து, இன்சூரன்ஸ் கம்பெனிக்குத் தகவல் சொல்லி, டெம்போவில் ஏற்றிக் கொண்டுவாருங்கள்.