மழை விட்ட பாதையில் பந்தய மாடுகளைப் பழக்குதல்: கேள்வி பதில்

காரைக்குடி வட்டாரத்தில் முப்பது ஆண்டுகளாக இரட்டை மாட்டு வண்டிப் பந்தயங்களில் சாரதியாக ஓட்டி வருகிறேன். மழை ஓய்ந்து பயிற்சி தொடங்கும் இந்தக் கார்த்திகைக் கடைசியில் வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் தருகிறேன்.

கல்லலிலிருந்து: ஐயா, ஐப்பசி முழுவதும் கொட்டிலில் நின்ற எங்கள் நடுமாட்டு (நடுத்தர மாடுகளுக்கான பந்தயப் பிரிவு) ஜோடியைத் தைப் பந்தயத்துக்குத் தயார் செய்ய எதிலிருந்து தொடங்க வேண்டும்?

குளம்பிலிருந்து தொடங்குங்கள். இரண்டு மாதம் சேற்றிலும் ஈரத்திலும் நின்ற குளம்பு ஊறி மெத்தென்று ஆகியிருக்கும். கட்டைவிரலால் அழுத்தினால் உள்ளங்குளம்பு அமுங்குகிறதா, பிளவின் நடுவே நாற்றமோ புண்ணோ இருக்கிறதா என்று நான்கு கால்களையும் தூக்கிப் பாருங்கள். கொட்டில் தரையில் காய்ந்த மணல் பரப்பிப் பத்து நாள் நிறுத்துங்கள். அதன் பிறகே லாடம் அடிக்க வேண்டும். குளம்பு மாதத்துக்கு ஏறத்தாழ அரை சென்டிமீட்டர்தான் வளரும் என்பதால், ஒருமுறை வெடித்தால் அந்தப் பருவமே போய்விடும். என் இளவயதில், கார்த்திகையிலேயே அவசரப்பட்டுத் தார்ச்சாலையில் ஓட்டி, இடத்து மாட்டின் முன்னங்குளம்பு பிளந்து, தை, மாசி இரண்டு மாதமும் அதைக் கொட்டிலில் கட்டி வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். அது காலை ஊன்ற அஞ்சி நின்ற நிற்பு இன்னும் என் கண்ணில் இருக்கிறது.

குளம்பு இறுகியதும், முதல் வாரம் வெறும் வண்டியில் செம்மண் பாதையில் இரண்டு கிலோமீட்டர் நடை மட்டுமே. அடுத்த வாரம் தூரத்தைக் கூட்டுங்கள், வேகத்தைக் கூட்டாதீர்கள். மூன்றாவது வாரத்திலிருந்து ஒருநாள் விட்டு ஒருநாள் சிறிது ஓட்டம் கொடுத்து, ஓடாத நாளில் கண்மாயில் நீந்த விடலாம். நீச்சல் காலுக்குச் சுமை தராமல் மூச்சை வளர்க்கும். ஓய்வில் இருக்கும் மாடு நிமிடத்துக்குச் சுமார் 20 முதல் 30 முறை மூச்சு விடும். ஓடி வந்தவுடன் விலாவைப் பார்த்து எண்ணுங்கள். அரை மணி நேரத்தில் பழைய கணக்குக்குத் திரும்பாவிட்டால் மறுநாள் ஓய்வு.

தேவகோட்டையிலிருந்து: புலிக்குளம் வாங்கலாமா, காங்கேயம் வாங்கலாமா?

இரண்டையும் ஓட்டியிருக்கிறேன். இனத்தைவிடக் காலையும் நெஞ்சின் அகலத்தையும் பார்த்து வாங்குங்கள்.

சிங்கம்புணரியிலிருந்து: கோமாரி வந்து தேறிய காளையை ஓட்டலாமா?

மேலுக்குத் தேறிவிட்டது போலத் தெரிந்தாலும், சில மாடுகளுக்கு வெயில் தாங்காத மூச்சிரைப்பு நிலைத்துவிடுகிறது. நடையிலேயே நாக்கைத் தொங்கவிட்டு இரைத்தால், அந்த மாட்டைப் பந்தயத்துக்கு நினைக்கவே வேண்டாம்.

கோட்டையூரிலிருந்து: தார்க்குச்சி இல்லாமல் முதற்பரிசு வாங்க முடியுமா?

முடியும். முள் வைத்த கோலை 1965ஆம் ஆண்டின் இழுவை விலங்குகள் தொடர்பான மத்திய அரசின் விதிகளே தடை செய்கின்றன. குத்துப்பட்ட மாடு பத்து எட்டு பாயும். பிறகு வலிக்கு விலகி, ஜோடியை இழுத்துப் பாதையை விட்டு இறக்கிவிடும்.

அறந்தாங்கியிலிருந்து: ஐயா சொல்வதை ஏற்க முடியவில்லை. திரும்பி வரும்போது கடைசி ஒரு மைலில் சோர்ந்த மாட்டைக் குரலால் மட்டும் எழுப்ப முடியாது.

சோர்ந்த மாட்டை எழுப்பக் கூடாது என்பதுதான் என் பதில். கடைசி மைலில் சோர்கிறது என்றால் மார்கழியில் போட வேண்டிய தூரத்தை நீங்கள் போடவில்லை. அந்தக் கடனை மாட்டின் முதுகில் வசூலிப்பது நியாயமில்லை.

பள்ளத்தூரிலிருந்து: என் மைத்துனர் அலாஸ்காவில் இருக்கிறார். அங்கே பனியில் வண்டி இழுக்கும் நாய்களுக்குக் கடிவாளமே இல்லை, குரலுக்கே திரும்புகின்றன என்கிறார். உண்மையா?

உண்மை. முன்னே ஓடும் நாய் ஓட்டுபவரின் சொல்லைக் கேட்டு வலமும் இடமும் திரும்பும். 1973 முதல் ஆங்கரேஜிலிருந்து நோம் வரை நடக்கும் நெடும்பந்தயத்தை அப்படித்தான் ஓடி முடிக்கின்றன. பனி விழுமுன்பே, இலையுதிர் காலத்தில், சக்கர வண்டியில் பூட்டிச் சிறு தூரத்திலிருந்து பழக்குகிறார்கள். பாதத்துக்குத் துணியுறை கட்டுகிறார்கள். அங்கே பாதம், இங்கே குளம்பு. அவை குரலுக்கே ஓடுவதை அறந்தாங்கி அன்பர் யோசித்துப் பார்க்க வேண்டுகிறேன்.

அறந்தாங்கியிலிருந்து: நாய் வேறு, மாடு வேறு ஐயா.

வேறுதான். ஆனால் "ஹை" என்ற என் குரலுக்குக் காதைத் திருப்பிய பிறகே காலை எடுத்து வைக்கிற மாடுகளை நான் வளர்த்திருக்கிறேன். கன்றாக இருக்கும்போதே, தீனி வைக்கும்போதும் தேய்த்துக் குளிப்பாட்டும்போதும் ஒரே சொல்லைச் சொல்லிப் பழக்க வேண்டும். எட்டுப் பல் முளைத்து முழுதாக வளர்ந்துவிட்ட மாட்டிடம் புதிதாகத் தொடங்கினால் கடினம்தான் என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

புதுவயலிலிருந்து: தார்ச்சாலையில் எப்போது ஓட்டலாம்?

குளம்பு இறுகிய பிறகே. முதல் பதிலைப் பாருங்கள்.

கானாடுகாத்தானிலிருந்து: லாடம் அடித்தாகிவிட்டது, நாளையே தார்ச்சாலையில் ஓட்டலாமா?

குளம்பு இறுகாமல் அடித்த லாடம் ஆணியோடு கழன்று வரும். குளம்பைப் பாருங்கள் என்று மறுபடியும் சொல்கிறேன்.

குன்றக்குடியிலிருந்து: மாட்டுப் பொங்கலன்று பொங்கலை வயிறாரக் கொடுக்கலாமா?

ஒரு கைப்பிடி போதும். சோறு அதிகமானால் இரைப்பையில் அமிலம் பெருகி, வயிறு உப்பி, மாடு செத்தும் போகும். பருத்திக்கொட்டையையும் தவிட்டையும்கூடச் சிறிது சிறிதாகத்தான் கூட்ட வேண்டும். வைக்கோலைக் குறைக்கக் கூடாது.

திருப்பத்தூரிலிருந்து: ஊர்ப் பந்தயத்துக்கு அனுமதி வாங்குவது எப்படி?

மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் கேளுங்கள்.

அரியக்குடியிலிருந்து: வலத்து மாடு எப்போதும் முந்துகிறது. நுகத்தடி சாய்ந்தே போகிறது.

பின்தங்கும் மாட்டைத்தான் முதலில் பாருங்கள். நுகத்தடி அழுத்தும் பிடரியில் வீக்கமோ சூடோ இருந்தால் அது வலிக்குப் பின்வாங்குகிறது. வீக்கம் வாடும் வரை பூட்டாதீர்கள். பிடரி சுத்தமாக இருந்தால், முந்துகிற மாட்டைத் தனியே அரை கிலோமீட்டர் நடக்க விட்டு, அதன் துடிப்பு அடங்கிய பிறகு இரண்டையும் சேர்த்துப் பூட்டுங்கள். ஒரு வாரம் நடையிலேயே வைத்திருந்து, நுகத்தடி நேராக நிற்கும் நாளில் ஓட்டத்துக்குப் போங்கள்.