வாடகை வீட்டில் பழைய பெயிண்டைச் சுரண்டப் போகிறார்கள், கைக்குழந்தை இருக்கிறது. பயப்பட வேண்டுமா?

டர்பனின் கிளேர்வுட்டில் பழைய வீடு, தீபாவளிக்கு முன்னால் ஓனர் பெயிண்ட் அடித்துத் தரப் போகிறார், ஒன்றரை வயதுக் குழந்தை இருக்கிறது, பழைய பெயிண்டைச் சுரண்டுவதற்கு அமெரிக்காவில் இருப்பதுபோல இங்கே சட்டம் உண்டா என்று கேட்டிருக்கிறீர்கள். நான் டர்பனில் பெயிண்டிங் வேலை எடுத்துச் செய்கிறவன். உங்கள் கவலை நியாயமானது: பழைய பெயிண்டில் ஈயம் இருக்கலாம், அது குழந்தைக்கு நச்சு.

பழைய பெயிண்ட் கெட்டியாக ஒட்டியிருக்கும் வரை பெரிய தொந்தரவு தராது. உரிந்தாலோ, உப்புத்தாள் போட்டு உலர்வாகத் தேய்த்தாலோதான் வினை. அதுவும் கதவு, ஜன்னல் சட்டம், கேட் போன்றவற்றில் அடித்த எனாமல் பெயிண்ட்டைத்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும். தென்னாப்பிரிக்காவில் பெயிண்டில் பத்து லட்சத்துக்கு 600 பங்குக்கு மேல் ஈயம் கூடாது என்ற விதி 2009-ல்தான் வந்தது. உலக சுகாதார நிறுவனம் சொல்வது 90. அதனால் கிளேர்வுட்டின் மர, தகர வீடுகள், 1960-களில் எழுந்த சாட்ஸ்வொர்த் வீடுகள் எல்லாவற்றிலும் ஈயம் இருக்கிறது என்று வைத்துக்கொண்டே வேலை செய்வது நல்லது.

தேய்க்கும்போது கிளம்பும் தூசி தரையில் படியும். தவழும் குழந்தை அதில் கையை வைத்து வாயில் வைக்கும். வயிற்றுக்குள் போன ஈயத்தைப் பெரியவர்களைவிட நான்கைந்து மடங்கு அதிகமாகச் சின்னக் குழந்தையின் உடம்பு உறிஞ்சிக்கொள்ளும். இரும்புச்சத்து குறைந்த பிள்ளைக்கு இன்னும் மோசம். வெளியே ஒரு அறிகுறியும் தெரியாமலே மூளை வளர்ச்சி பாதிக்கும், பிறகு சரிசெய்ய முடியாது.

அமெரிக்கச் சட்டம் 2008-ல் வெளியாகி 2010 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. 1978-க்கு முன் கட்டிய வீட்டில், ஓர் அறைக்குள் ஆறு சதுர அடிக்கு மேல் பெயிண்டைச் சுரண்டவோ தேய்க்கவோ வேண்டுமென்றால் சான்றிதழ் பெற்ற நிறுவனம்தான் செய்யலாம். வேலையை நடத்துகிறவர் எட்டு மணி நேரப் பயிற்சி முடித்திருக்க வேண்டும். வாடகைக்கு இருப்பவருக்கு முன்கூட்டியே விளக்கக் கையேடு தர வேண்டும். ஓனர் தன் ஆட்களை வைத்துச் செய்தாலும் விலக்கு கிடையாது.

இங்கே அப்படி ஒன்று இல்லை. 2001-ன் ஈய விதிமுறைகள் வேலையாட்களின் பாதுகாப்பைப் பற்றிப் பேசுகின்றன, பக்கத்து அறையில் இருக்கும் உங்கள் குழந்தையைப் பற்றிப் பேசவில்லை. வீட்டு ஒயரிங் வேலைக்குப் பதிவு பெற்ற ஆள் வேண்டும் என்று கேட்கிற இதே நாட்டில், ஸ்கிரேப்பரை யார் வேண்டுமானாலும் எடுக்கலாம். என்னிடம் வேலைக்கு வரும் பையன்களுக்கு இதை யாரும் சொல்லித் தந்ததில்லை. சட்டையில் ஒட்டிய தூசியோடு அவர்களும் தங்கள் பிள்ளைகளிடம்தானே போகிறார்கள்? ஒரு நாள் பயிற்சியைக் கட்டாயமாக்கினால் எந்தக் காண்டிராக்டரும் நொடித்துப்போக மாட்டார்.

சரி, சட்டம் வரும்வரை உங்கள் ஓனரிடம் பேசுங்கள், வாட்ஸ்அப்பிலாவது எழுத்தில் இருக்கட்டும். தண்ணீர் தெளித்து ஈரமாக்கித்தான் சுரண்ட வேண்டும். உலர்வாக மெஷின் போட்டுத் தேய்ப்பதும், நெருப்புக் காட்டி உரிப்பதும் கூடவே கூடாது. தரையில் கெட்டி பிளாஸ்டிக் ஷீட் விரித்து ஓரமெல்லாம் டேப் ஒட்டச் சொல்லுங்கள். மெத்தை, பொம்மை எல்லாம் முன்னாலேயே வெளியே போய்விட வேண்டும். குழந்தையையும், கர்ப்பிணிகள் இருந்தால் அவர்களையும், சுத்தம் செய்து முடிக்கும்வரை உறவுக்காரர் வீட்டில் விடுங்கள். அப்புறம், துடைப்பம் வேண்டாம், அது தூசியைக் கிளப்பும். சோப்புத் தண்ணீரில் துணியை அடிக்கடி அலசித் துடைக்க வேண்டும். உரிந்த செதில்களைப் பையில் கட்டிவிட வேண்டும். அதைக் கறிவேப்பிலை மரத்தடியில் கொட்டிவிட்டுப் போகிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன், பார்க்கும்போதெல்லாம் வயிறு எரியும்.

ஓனர் காது கொடுக்காவிட்டால், 1999-ன் வாடகை வீட்டுச் சட்டப்படி அமைந்த வாடகைத் தீர்ப்பாயத்தில் புகார் கொடுக்கலாம். கட்டணம் இல்லை, வக்கீலும் தேவையில்லை.

ஏற்கெனவே ஜன்னலோரம் உரிந்துகொண்டிருந்தால் வேலை தொடங்கும்வரை காத்திருக்காதீர்கள். மருத்துவரிடம் குழந்தைக்கு ரத்தத்தில் ஈய அளவு பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். ஈய நச்சு இங்கே அரசுக்குத் தெரிவிக்க வேண்டிய நோய்ப் பட்டியலில் இருக்கிறது, கண்டுபிடித்தால் மருத்துவர் அறிவித்தே ஆக வேண்டும்.