மணக்கும் முட்டியும் எலும்புச் சரவிளக்கும்

அன்புள்ள ஐயா,
அப்பாவின் காடாத்து முடிந்து எட்டு நாள். தம்பி கனடாவிலிருந்து வரும்வரை அஸ்தி முட்டியைக் கொட்டிலில் கட்டியிருக்கிறோம். இப்போது மணக்கிறது. அயலவர்கள் வைத்ததே பிழை என்கிறார்கள். செக் நாட்டில் எலும்பாலேயே சரவிளக்குக் கட்டியிருக்கிறார்களே, அதெல்லாம் மரியாதையா?
– வாசகி, ஒட்டுசுட்டான்

அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் மணம். நன்றாக வெந்த எலும்பு மணக்காது. அதில் மிஞ்சுவது பெரும்பாலும் கல்சியம் பொஸ்பேற்று. காடாத்தில் ஊற்றிய பாலும் இளநீரும் வடியுமுன் முட்டியின் வாயை இறுக்கிக் கட்டியிருப்பீர்கள், அது புளித்துவிட்டது. அவிழ்த்து, எலும்பை நல்ல தண்ணீரில் அலசி, வெள்ளைத் துணியில் பரப்பி நிழலில் இரண்டு நாள் உலர விடுங்கள். முட்டி புதிதாக இருக்கட்டும். பழைய மண் பாலைக் குடித்திருக்கும். பிளாஸ்ரிக் போத்தல் வேண்டவே வேண்டாம், உள்ளே வியர்க்கும்.

வைத்தது பிழையென்று நான் சொல்லமாட்டேன். ஜப்பானில் 49 ஆம் நாள் வரை அஸ்திச் சாடி வீட்டில்தான் இருக்கும். அங்கே உறவினர் இருவர் இருவராக நின்று நீண்ட குச்சிகளால் ஒரே எலும்பைச் சேர்ந்து எடுப்பார்கள். கால் எலும்பில் தொடங்கி மேலே போவார்கள், சாடிக்குள் ஆள் தலைகீழாகிவிடக்கூடாது என்று. கழுத்தின் இரண்டாம் முள்ளெலும்பு கைகூப்பி அமர்ந்த புத்தர் போலிருக்கும். அதைக் கடைசிக்கு வைப்பார்கள். (சாப்பாட்டில் குச்சிக்குக் குச்சி உணவு மாற்றுவது அங்கே அபசகுனம், காரணம் இதுதான்.) நமக்கும் இது புதிதல்ல: வீட்டுச் சடங்குகளைச் சொல்லும் பழைய வடமொழி நூலான ஆசுவலாயன கிருகிய சூத்திரம் பெருவிரலாலும் மோதிர விரலாலும் சத்தமின்றி எடுக்கச் சொல்கிறது, கால் முதல், தலை கடைசி.

நீங்கள் கேட்ட செக் நாட்டுச் சரவிளக்கு, செட்லெக்கில் இருப்பது, வேறு கதை. கொள்ளைநோயிலும் போரிலும் செத்தவர்களால் இடுகாடு நிரம்பி, கிளறிய எலும்பு குவிந்தது. குறைந்தது 40,000 பேருடையது என்பார்கள். 1870 இல் ரின்ட் என்ற மரச்சிற்பி அதை அலங்காரமாக்கினார். சுவரில் எலும்பாலேயே தன் பெயரையும் எழுதிவைத்தார். செத்தவர்களில் யார் பெயரும் இல்லை. எனக்கு உறுத்துவது அதுதான். 2023 இல் குடிநீர்க் குழாய்க்குத் தோண்டியபோது கொக்குத்தொடுவாய் மனிதப் புதைகுழியில் வெளிவந்த எலும்புகளைப் பார்த்த முல்லைத்தீவு மாவட்டத்துக்கு இதை விளக்கத் தேவையில்லை.

ஒஸ்திரியாவின் ஹால்ஸ்டாட்டிலும் இடநெருக்கடிதான், மலைக்கும் ஏரிக்கும் நடுவில் சிறு இடுகாடு. முன்பெல்லாம் பத்துப் பதினைந்து வருடத்தில் குழியைத் திறந்து, மண்டையோட்டைக் கழுவி, வாரக்கணக்கில் வெயிலில் வெளுக்கவைத்து, நெற்றியில் பெயரும் இலைமாலையும் தீட்டுவார்கள். சுமார் 1,200 ஓடுகளில் 610 தீட்டியவை. கடைசியாக 1995 இல் வைத்தது, 1983 இல் இறந்த ஒரு பெண்ணுடையது, அவரே கேட்டுக்கொண்டபடி. தங்கப்பல் இன்னும் தெரிகிறது.