பள்ளியா, மாநாடா?

அன்புள்ள ஐயா,

அணுக்கரு வானியற்பியலில் முனைவர் பட்டத்துக்குச் சேர்ந்து முதல் வருடம் முடியப்போகிறது. அணுக்கரு வினைகளின் குறுக்குவெட்டை, அதாவது ஒரு வினை நடக்க எவ்வளவு வாய்ப்பு என்பதை, அளப்பது என் வேலை. அடுத்த ஆண்டு ஒரே ஒரு வெளிநாட்டுப் பயணத்துக்குத்தான் பணம் கிடைக்கும். ‘நியூக்ளியை இன் த காஸ்மோஸ்’ மாநாட்டுக்குப் போ, பெரிய ஆட்களைப் பார்க்கலாம் என்கிறார்கள் சீனியர்கள். ஆய்வு மாணவர்களுக்கான சில நாள் பயிற்சிப் பள்ளிகளும் இருக்கின்றன. ஆனால் அங்கே நடத்தும் பாடமெல்லாம் இணையத்திலேயே கிடைக்கிறதே? இரண்டில் எதற்குப் போகட்டும்?

ஓர் ஆய்வு மாணவி

அன்புள்ள மாணவிக்கு,

பள்ளிக்குப் போங்கள். அந்த மாநாடு 1990ல் ஆஸ்திரியாவின் பாடன் நகரில் தொடங்கியது, ஏறக்குறைய இரண்டு வருடத்துக்கு ஒருமுறை நடக்கிறது. அடுத்த முறை சொந்த ஆய்வு முடிவுகளோடு போகலாம்.

ஏன் இப்படிச் சொல்கிறேன் என்றால், உங்கள் துறையில் ஓர் எண் எப்படிப் பிறந்து எங்கெல்லாம் போகிறது என்று பாருங்கள். விண்மீனின் மையத்தில் அணுக்கருக்கள் மோதும் ஆற்றல் மிகக் குறைவு. அதே ஆற்றலில் ஆய்வுக்கூடத்தில் அளக்கப்போனால் வினை நடப்பதே அபூர்வம். இத்தாலியின் கிரான் சாசோ மலைக்கு அடியில், 1400 மீட்டர் பாறைக்குக் கீழே லூனா என்ற துகள் முடுக்கி இருக்கிறது. அங்கே இரண்டு ஹீலியம்-3 அணுக்கருக்களை மோதவிட்டபோது, மிகக் குறைந்த ஆற்றலில் மாதத்துக்கு இரண்டு நிகழ்வுகள் அளவில்தான் கிடைத்தன. விண்வெளியிலிருந்து வந்து அளவீட்டைக் குழப்பும் காஸ்மிக் கதிர்களைப் பாறை தடுத்ததால்தான் அதுவும் தெரிந்தது.

அதே குழு, நைட்ரஜன்-14 ஒரு புரோட்டானைப் பிடித்து ஆக்சிஜன்-15 ஆகும் வினையையும் அளந்து 2004ல் வெளியிட்டது. விண்மீன்களில் ஹைட்ரஜனை ஹீலியமாக்கும் கார்பன்-நைட்ரஜன்-ஆக்சிஜன் சுழற்சியிலேயே மெதுவான படி இதுதான், மொத்தச் சுழற்சியின் வேகத்தையும் இதுவே தீர்மானிக்கிறது. அதுவரை நினைத்திருந்ததில் ஏறக்குறைய பாதி வேகம்தான் என்று தெரியவந்தது. விண்மீன் மாதிரிகளைக் கணக்கிடுபவர்கள் அந்த எண்ணைப் போட்டுப் பார்த்தார்கள். கோளக் கொத்துகள் எனப்படும் பழைய விண்மீன் கூட்டங்களின் கணக்கிட்ட வயது எழுபது கோடி முதல் நூறு கோடி ஆண்டு வரை கூடிவிட்டது! சூரியனிலிருந்து அந்தச் சுழற்சி வழியாக வரவேண்டிய நியூட்ரினோ என்ற நுண்துகள்களின் கணக்கும் பாதியாகக் குறைந்தது. அந்த நியூட்ரினோக்களைப் பிடித்துவிட்டதாக 2020ல் பொரெக்சினோ என்ற நியூட்ரினோ கருவியை இயக்கிய குழு அறிவித்தது. அந்தக் கருவியும் அதே மலைக்கு அடியில்தான் இருந்தது.

அளந்தவர் ஒருவர், அதைக் குறைந்த ஆற்றலுக்கு நீட்டிக் கணித்தவர் இன்னொருவர், விண்மீனுக்குள் போட்டுப் பார்த்தவர் வேறொருவர். அளக்கும் நீங்கள் ஆற்றலை வைத்து, கிலோ எலக்ட்ரான் வோல்ட்டில் யோசிப்பீர்கள். விண்மீன் மாதிரி போடுபவர் வெப்பநிலையை வைத்து, கெல்வினில் யோசிப்பார். நீங்கள் அளக்கும் வினை எந்த விண்மீனுக்கு, எந்த வெப்பநிலையில், எவ்வளவு துல்லியமாக வேண்டும் என்பதை அவரிடம்தான் கேட்க முடியும். வீடியோ பார்த்துப் பாடம் படித்துவிடலாம், சரி. அதனிடம் எதிர்க்கேள்வி கேட்க முடியாதே. பெரிய மாநாட்டிலோ, முதல் வருட மாணவர் கூச்சப்பட்டு ஒதுங்கி நின்றுவிட வாய்ப்பு அதிகம். பள்ளியில் சொல்லித்தருபவரோடு உட்கார்ந்தே சாப்பிடுவீர்கள்.

இத்தாலியின் சிசிலித் தீவில் நடக்கும், ‘சாந்தா தெக்லா பள்ளி’ என்று அறியப்பட்டது, சோதனைக்காரர்களுக்கான பள்ளி. உங்கள் வேலைக்கு நேராகப் பொருந்துவது அதுதான். ஆனாலும் நான் ஆஸ்திரியாவின் ருஸ்பாக் பள்ளியைத்தான் சொல்வேன். விண்மீன் மாதிரி போடுபவர்களும் தொலைநோக்கிக்காரர்களும் அங்கே கலந்து வருவார்கள், மாணவர்களும் தங்கள் ஆய்வைப் பற்றி உரையாற்றலாம். அப்புறம் ஒன்று, மாநாட்டை ஒட்டியும் இளையவர்களுக்கு ஒரு பள்ளி நடத்துவது வழக்கம். தேதிகள் ஒத்துவந்தால் ஒரே டிக்கெட்டில் இரண்டும் முடியும்.

விண்ணப்பத்தில் நிதியுதவி வேண்டுமா என்று கேட்டிருந்தால் தயங்காமல் வேண்டும் என்றே எழுதுங்கள். கைடிடம் பரிந்துரைக் கடிதத்தை இப்போதே கேட்டுவையுங்கள்.