கோடை எஃப்.எம். அலையில் விமானத்தைப் பார்க்கலாமா?

கேள்வி: மதுரை திருநகரில் இருக்கிறேன். மின்னணுவியல் இறுதியாண்டு மாணவன். ஆர்.டி.எல். எஸ்.டி.ஆர். டாங்கிள் (கணினியில் செருகும் சிறு ரேடியோ ரிசீவர்) ஒன்று வைத்திருக்கிறேன். கோடைப் பண்பலையை வைத்தே பெருங்குடியில் இறங்கும் விமானங்களைப் பார்க்க முடியுமா?

பதில்: முடியும் தம்பி. 1935 பிப்ரவரி 26 அன்று இங்கிலாந்தில், டேவென்ட்ரி அருகே ரேடார் முன்னோடிகளான வாட்சன் வாட்டும் வில்கின்ஸும் செய்ததும் இதுதான். பி.பி.சி.யின் சிற்றலை ஒரு ஹேஃபோர்டு விமானத்தில் பட்டுத் தெறித்ததைச் சுமார் 13 கி.மீ. வரை கண்டார்கள்.

ஆனால் ஒரு டாங்கிள் போதாது. பேச்சும் பாட்டும் நொடிக்கு நொடி மாறுவதால், எதிரொலி (விமானத்தில் பட்டுத் திரும்பும் அலை) எதுவென்று கண்டுபிடிக்க அசலும் கையில் இருக்க வேண்டும். கோடைப் பண்பலை ஒலிபரப்பாகும் கொடைக்கானலைப் பார்த்து ஓர் ஆன்டெனா, விமான நிலையத்தைப் பார்த்து இன்னொன்று. இரண்டு டாங்கிளும் ஒரே 28.8 மெகாஹெர்ட்ஸ் படிகத்தில் (டாங்கிளுக்குக் கடிகாரம் போலத் துடிப்பு தருவது) ஓடட்டும். தனித்தனிப் படிகம் என்றால் ஒன்றைவிட்டு ஒன்று விலகிக்கொண்டே போகும்.

உண்மையான தலைவலி, சுமார் 75 கி.மீ. தள்ளி மலையிலிருந்து நேராக வந்து சேரும் அலை. எதிரொலியைவிட அது பல லட்சம் மடங்கு வலுவாக இருக்கும். மிக வலுவானதையும் மிக மெல்லியதையும் ஒருசேர அளக்க முடியாமல் எட்டு பிட் டாங்கிள் திணறிவிடும். இதில் உங்களுக்கு இடம் அமைந்திருக்கிறது: திருநகருக்குப் பெருங்குடி தென்கிழக்கில், கொடைக்கானல் கிட்டத்தட்ட நேரெதிரில். யாகி ஆன்டெனாவை (ஒரு திசையில் மட்டும் நன்றாக வாங்குவது) விமான நிலையத்துக்குத் திருப்பினாலே அதன் முதுகு மலைக்குப் போய்விடும். அப்புறம் கோடைப் பண்பலையின் 100.5 மெகாஹெர்ட்ஸ் அளவைத் திரையில் பார்த்துக்கொண்டே மெல்ல மெல்லத் திருப்புங்கள். எங்கே மிகக் குறைகிறதோ அங்கேயே கட்டிவிடுங்கள். கெயினை (டாங்கிளின் பெருக்கத்தை) முழுசாக ஏற்ற வேண்டாம், பக்கத்திலேயே இருக்கும் மதுரை வானொலியின் 103.3 டாங்கிளை அமுக்கிவிடும். மிஞ்சும் நேரலையை மென்பொருளில் கழித்துக்கொள்ளலாம்.

தூரத்தைத் துல்லியமாக எதிர்பார்க்காதீர்கள். பாட்டு ஓடும்போது அலைவரிசை 100 கிலோஹெர்ட்ஸ் அகலம் என்று வைத்தாலும், அலை வந்த பாதையில் 3 கி.மீ. வித்தியாசம்தான் பிரிந்து தெரியும். செய்தி வாசிப்பவர் மூச்சு விடும் இடைவெளியில் அதுவும் கலங்கும். அதனால் பாட்டு நேரத்தில் சோதியுங்கள். வேகம்தான் நன்றாகக் கிடைக்கும். அலைநீளம் சுமார் 3 மீட்டர். நொடிக்கு 70 மீட்டரில் இறங்கும் விமானத்தின் டாப்ளர் (வேகத்தால் வரும் அலைவெண் மாற்றம்) 50 ஹெர்ட்ஸுக்குள் அடங்கிவிடும். ஒரு நொடித் தரவைச் சேர்த்துக் கணக்கிட்டால் 1 ஹெர்ட்ஸ் வரை பிரித்துப் பார்க்கலாம்.

சரிபார்க்க மூன்றாவது டாங்கிளில் 1090 மெகாஹெர்ட்ஸைக் கேளுங்கள். விமானம் தன் இடத்தைத் தானே அதில் சொல்லும். உங்கள் புள்ளி அதோடு ஒத்துப்போகவில்லை என்றால், நிரலைக் குடைவதற்கு முன் மொட்டை மாடிக்குப் போய் யாகியைப் பாருங்கள்.